காணாத ஏட்டை நம்பிய கவிஞர்

1916ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20ஆம் நாள். பிரான்சு நாட்டில் சோம் ஆற்றை ஒட்டிய போர்க்களத்தில் ஜெர்மானியரின் பீரங்கிக் குண்டொன்று வெடித்துச் சிதறியது. அதன் சில்லு ஒன்று, தம் இருபத்தோராம் பிறந்த நாளுக்கு இன்னும் நான்கு நாள்களே எஞ்சியிருந்த ஓர் ஆங்கிலக் காப்டனின் நுரையீரலைத் துளைத்துச் சென்றது. இனிப் பிழைக்கமாட்டார் என்று முடிவு கட்டிய மருத்துவப் பணியாளர்கள் அவரை ஒரு மூலையில் கிடத்திவிட்டுப் பிறரைக் கவனிக்கச் சென்றனர். மறுநாட் காலை, இறந்தோரை அப்புறப்படுத்த வந்தவர்கள் அந்த ‘உடல்’ மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைக் கண்டனர். அதற்குள் படைத்தளபதி அவருடைய அன்னைக்கு இரங்கல் மடல் எழுதியாகிவிட்டது. இலண்டன் ‘டைம்ஸ்’ நாளேடு மாண்டோர் வரிசையில் அவர் பெயரை அச்சிட்டது; பின்னர் அவர் உயிரோடு இருக்கும் செய்தியையும் அதே ஏடு வெளியிட நேர்ந்தது.

அந்தக் காப்டன்தான் ராபர்ட் கிரேவ்ஸ். தம் சாவுச் செய்தியை அச்சில் கண்ட பிறகு அவர் மேலும் 69 ஆண்டுகள் வாழ்ந்தார். இருபதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்பட்டார். வறுமை துரத்த, வரலாற்று நாவலாசிரியராகி உலகப் புகழ் எய்தினார். அச்சேறியது அனைத்தும் உண்மையாகிவிடாது என்னும் பாடத்தை அவரைப் போல் நேருக்கு நேர் கற்றவர் மிகச் சிலரே. அந்தப் பாடத்தை அவர் தம் 72ஆம் வயதில் எவ்வாறு மறந்தார் என்பதே நாம் ஈண்டு எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள். அம்மறதி நிகழ்ந்தது நமக்கு நன்கு அறிமுகமான ஒரு பெரியாரின் பெயரால். உமர் கய்யாமின் பெயரால்!

கிரேவ்ஸ் 1895 ஜூலை 24 அன்று இலண்டனை அடுத்த விம்பிள்டனில் பிறந்தார். தந்தை ஆல்ஃபிரட் பெர்சிவல் கிரேவ்ஸ் அயர்லாந்துக்காரர், கல்வித்துறை ஆய்வாளர், தாமும் கவிபுனைபவர். அன்னையார் ஜெர்மானியப் பெருங்குடும்பம் ஒன்றைச் சார்ந்தவர். வரலாற்றை மூல ஆவணங்களிலிருந்தே எழுதவேண்டும், செவிவழிச் செய்தியையும் அலங்கார நடையையும் நம்பலாகாது என்று வற்புறுத்தி, நவீன வரலாற்றுக் கலைக்கே வித்திட்டவராகக் கருதப்படும் லியோபோல்டு வான் ராங்கே அந்த அம்மையாரின் பாட்டனாருக்கு உடன்பிறந்தவர். ராபர்ட்டின் முழுப் பெயரிலும் ‘வான் ராங்கே’ என்னும் சொற்கள் உண்டு. அப்பெயர் அவருக்குப் பள்ளியிலும் படையிலும் தொல்லையாக இருந்தது தனிக்கதை.

இன்னொரு உறவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த ஃபிலிப் கிரேவ்ஸ், ராபர்ட்டின் மூத்த சகோதரர். அவர் ‘டைம்ஸ்’ ஏட்டின் நிருபராக இஸ்தான்புல்லில் பணியாற்றினார். உலகை ஆளச் சதி செய்யும் யூதப் பெரியோரின் இரகசிய நடவடிக்கைக் குறிப்பு என்று ஒரு நூல் அப்போது ஐரோப்பா எங்கும் பரபரப்பாக உலவிக்கொண்டிருந்தது. அது 1864இல் மொரீஸ் ஜோலி என்னும் பிரெஞ்சுக்காரர் மூன்றாம் நெப்போலியனை எள்ளி எழுதிய நூலிலிருந்து திருடிப் பின்னிய போலிச் சரக்கு என்பதை, இரண்டின் பகுதிகளையும் அருகருகே வைத்து அச்சிட்டு 1921 ஆகஸ்டில் மெய்ப்பித்தவர் இந்த ஃபிலிப் கிரேவ்ஸே. ஆக, ஆவணத்தைப் போற்றிய ஒரு பாட்டனாரும், போலி ஆவணத்தைப் பிடித்துக் கொடுத்த ஓர் அண்ணனும் வாய்த்தவர் நம் கவிஞர். இதை வாசகர்கள் நினைவில் இருத்துவார்களாக.

போருக்குப் பிந்திய ஆண்டுகள் கிரேவ்ஸுக்குக் கடினமானவை. குண்டதிர்ச்சியால் நரம்பு தளர்ந்து, தொலைபேசி மணி ஒலித்தாலே நடுங்கும் நிலை. 1918இல் மணம்; அடுத்தடுத்து நான்கு குழந்தைகள். கவிதைத் தொகுதிகள் வெளிவந்தவண்ணம் இருந்தன. அடுப்பில் உலை ஏறுவதற்கு அவை உதவவில்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே ஒரு மளிகைக் கடை வைத்துப் பார்த்தார். அதுவும் நட்டத்தில் மூழ்கியது. கவிஞர் கடை வைத்தால் கடன்காரர் பட்டியல்தான் நீளும் என்பது நம் நாட்டிலும் காணாததன்று. அப்போது கைகொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டில் நண்பராக வாய்த்த டி. இ. லாரன்ஸ். அரபு நாடுகளில் துருக்கியருக்கு எதிராகக் கிளர்ச்சியைத் தூண்டிய அதே லாரன்ஸ்தான். அவரைப் பற்றி முஸ்லிம் உலகின் கணிப்பு என்னவென்று இங்கே கூற வேண்டுவதில்லை. எனினும் நண்பருக்கு அவர் வள்ளலாக இருந்தார். தம் நூலின் சில அத்தியாயங்களையே கொடுத்து, அமெரிக்க ஏட்டுக்கு விற்றுக் கடனை அடைத்துக்கொள்ளச் செய்தார்.

1926ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் புதிதாக அரசு ஏற்று நடத்தத் தொடங்கியிருந்த எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர் பதவி கிரேவ்ஸுக்குக் கிட்டியது. குடும்பத்தோடு கப்பலேறினார். சில மாதங்களுக்கு மேல் அவர் அங்கே நிலைக்கவில்லை. அரபு இலக்கியத்துக்குள்ளும் அவர் நுழைந்தாரில்லை. இதில் ஒரு விந்தை என்னவெனில், அதே பல்கலைக்கழகத்தில் அப்போது பேராசிரியராய் இருந்த பார்வையற்ற பேரறிஞர் தாஹா ஹுசைன், அதே 1926இல்தான் இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிதைகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டு எகிப்தையே கொந்தளிக்கச் செய்தார். பழங்கவிதை என்று வழங்குபவற்றுள் பெரும்பகுதி பிற்காலத்தார் இட்டுக்கட்டியது என்பது அவர் வாதம். மார்க்க அறிஞர்கள் அதைக் கடுமையாக மறுத்தனர், வழக்கும் வந்தது, நூல் திருத்தி வெளியிடப்பட்டது. அவர் முடிவு சரியோ தவறோ, ‘இந்தப் பாட்டு எவர் வழியாக, எந்த ஏட்டின் வழியாக நம்மிடம் வந்தது?’ என்னும் கேள்வி கிரேவ்ஸ் பாடம் நடத்திய அதே கல்விக்கூடத்தில் இடிமுழக்கமாக ஒலித்தது. கிரேவ்ஸின் செவியில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

இங்கிலாந்து திரும்பிய பின் லாரன்ஸைப் பற்றி 1927இல் ஒரு வாழ்க்கை நூல் எழுதினார். அது நன்கு விற்றது. 1929இல் இல்லறம் முறிந்தது. அமெரிக்கப் பெண் கவிஞர் லாரா ரைடிங்கின் செல்வாக்கு அவருடைய வாழ்வையும் எழுத்தையும் ஆட்கொண்டது. அவ்விவரங்களை இவ்விடத்தில் விரிக்க வேண்டுவதில்லை. ஊரையும் உறவையும் உதறிச் செல்லும் முன் சில மாதங்களிலேயே தம் தன்வரலாற்றை எழுதி முடித்தார். அகழிப்போரின் அவலத்தை ஒளிவு மறைவின்றிச் சொன்ன நூல் என்று அது இன்றும் படிக்கப்படுகிறது. ஆனால் தாமும் அப்போரில் போரிட்ட நண்பர்களான சீக்ஃப்ரிட் சசூனும் எட்மண்ட் பிளண்டனும் சினங்கொண்டு, ஒரு பிரதியின் ஓரங்களில் பக்கத்துக்குப் பக்கம் பிழைகளைக் குறித்து வைத்தனர். கிரேவ்ஸ் அசைந்து கொடுக்கவில்லை. அகழியில் கிடந்தவனின் நினைவுகளில் பிழைகள் மலிந்திருந்தால்தான் அவை உண்மையானவை என்று கருதும்படி அவர் மறுமொழி எழுதினார். சாதுரியமான விடைதான். குண்டு மழையில் நாளும் பொழுதும் மறந்துபோவது இயல்பே. ஆயினும் பிழையையே மெய்ம்மையின் சான்றாக்கும் இவ்வழக்கம் ஒருவருக்குப் படிந்துவிட்டால் அது எங்கே கொண்டுபோய்விடும் என்பதைப் பின்னால் காண்போம்.

ஸ்பெயின் நாட்டுக்குரிய மயோர்க்காத் தீவில் தேயா என்பது மலைச்சரிவில் அமைந்த சிற்றூர். ஒலிவ மரங்களும் எலுமிச்சைத் தோட்டங்களும் சூழ்ந்தது. ஸ்பெயின் முஸ்லிம்களின் ஆட்சியில் பல நூற்றாண்டுகள் இருந்த தீவு அது. அவர்கள் வகுத்த படிக்கட்டு வயல்களும் நீர்க்கால்களும் அம்மலைகளில் இன்னும் உள்ளன. அங்கே கிரேவ்ஸ் வீடு கட்டினார், நிலம் வாங்கினார். கடனும் தலைக்கு மேல் ஏறியது. அக்கடனைத் தீர்க்க எழுதியதுதான் ‘நான், கிளாடியஸ்’ என்னும் வரலாற்று நாவல். 1934இல் முதற்பாகமும் அதே ஆண்டிலேயே அதன் தொடர்ச்சியும் வெளிவந்தன. பரிசுகள் குவிந்தன, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது, 1976இல் பிபிசி அதைத் தொலைக்காட்சித் தொடராக்கியபோது இன்னொரு தலைமுறையும் அதில் மயங்கிற்று.

கிளாடியஸ் யார்? கி.பி. 41 முதல் 54 வரை ரோமாபுரியை ஆண்ட பேரரசர். பிறவியிலேயே கால் தாங்கி நடப்பவர், பேச்சு திக்கும். அரச குடும்பத்தார் அவரை அறிவிலி என்று ஒதுக்கினர். அந்த ஒதுக்கலே உயிர்க்கவசமாயிற்று. அவரைவிடத் திறமையானவர் எல்லாம் நஞ்சாலும் வாளாலும் மடிந்தபோது இவர் மட்டும் நூலகத்தில் தப்பிப் பிழைத்தார். கலிகுலா மன்னன் கொலையுண்ட அன்று, திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த இவரை ஒரு சிப்பாய் இழுத்து வந்து பேரரசர் என்று வணங்கினான். இவையெல்லாம் ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் தரும் செய்திகள். அவரே இன்னொன்றும் கூறுகிறார்: கிளாடியஸ் எட்ருஸ்கர் வரலாற்றை 20 பாகங்களிலும், கார்த்தேஜ் வரலாற்றை 8 பாகங்களிலும் எழுதினார், தம் வாழ்க்கை வரலாற்றையும் 8 பாகங்களில் எழுதினார். அவற்றுள் ஒன்றும் இன்று இல்லை. அனைத்தும் அழிந்தன.

அழிந்துபோன அந்தத் தன்வரலாறு கிடைத்தால் எப்படி இருக்கும்? இதுதான் கிரேவ்ஸுக்குத் தோன்றிய அரிய எண்ணம். அவருடைய நாவலில் கிளாடியஸே பேசுகிறார். எதிர்காலத்தார் கண்டெடுக்கட்டும் என்று இரகசிய ஏடாக எழுதி மண்ணில் புதைத்து வைக்கிறார். நடை வறண்டது, நகைச்சுவை உள்ளடங்கியது, புலமை இடையிடையே வழி தவறி ஓடுவது. திக்கித் திக்கிப் பேசும் ஒரு கிழப்பண்டிதர் நம் எதிரில் அமர்ந்து தம் குடும்பத்தின் இழிசெயல்களை எண்ணி எண்ணிச் சொல்வதுபோன்றே இருக்கும். சூட்டோனியஸையும் டாசிட்டஸையும் கரைத்துக் குடித்த பின்னரே கிரேவ்ஸ் எழுத அமர்ந்தார். அகஸ்டஸின் மனைவி லிவியாவைத் தொடர்கொலைகாரியாகத் தீட்டியது மிகையென்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர், கேட்கத்தக்க குறைதான். எனினும் இது நாவல், வாசகருக்கும் அது தெரியும், ஆசிரியருக்கும் தெரியும்.

அந்நாவலில் என் உள்ளத்தைவிட்டு நீங்காத காட்சி ஒன்று உண்டு. இளைஞன் கிளாடியஸ் நூலகத்தில் இரு பெரும் வரலாற்றாசிரியர்களைச் சந்திக்கிறான். ஒருவர் லிவி, முன்னோரின் பெருமையை அழகுறப் பாடி, அவர்கள் சொல்லாத சொற்பொழிவுகளையும் அவர்கள் வாயில் ஏற்றி, மக்களை நல்லொழுக்கத்தின்பால் ஈர்ப்பவர். மற்றவர் பொல்லியோ, அழகு கெட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல் என்பவர். இருவரும் வாதிடுகின்றனர். இளைஞனைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கின்றனர். அவன் பொல்லியோவின் பக்கம் சாய்கிறான். ஆயினும் இரண்டும் முற்றிலும் பகையானவை அல்ல என்றும் நயமாகச் சேர்த்துக்கொள்கிறான். வேடிக்கை என்னவெனில், இவ்வுரையாடலே கிரேவ்ஸ் புனைந்தது. பொல்லியோவுக்காக வாதாடும் பக்கங்களை லிவியின் முறையில் அல்லவா எழுதியிருக்கிறார்!

உண்மைக் கிளாடியஸின் குரல் முழுக்க அழிந்துவிடவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். கால் நாட்டுத் தலைவர்களைச் செனட் சபையில் சேர்க்கக் கோரி அவர் ஆற்றிய சொற்பொழிவு வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டு, பிரான்சின் லியோன் நகரில் 1528இல் கண்டெடுக்கப்பட்டது. அதே சொற்பொழிவை டாசிட்டஸும் தம் நூலில் தருகிறார்; ஆனால் தகட்டில் உள்ளபடி அன்று, மெருகேற்றிச் சுருக்கி. ஒரு துண்டு வெண்கலம் கையில் இருந்ததால் பெரும் புலவரான டாசிட்டஸைக்கூட நாம் சரிபார்க்க முடிகிறது. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்றின் மதிப்பு அத்தகையது.

1938இல் வந்த ‘பெலிசாரியஸ்’ நாவல் நம் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஜஸ்டினியன் பேரரசரின் புகழ்பெற்ற தளபதியின் கதை. நவ்ஷேர்வான் என்று பாரசீகக் கதைகள் போற்றும் குஸ்ரூ மன்னரும் அதில் வருகிறார். பெலிசாரியஸ் இறந்தது கி.பி. 565இல், நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவில் பிறந்தது அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின். ரோமும் பாரசீகமும் ஒன்றையொன்று எவ்வாறு குருதி வடியச் செய்துகொண்டன, அவ்விரு பெருவல்லரசுகளும் ஏன் பின்னர் யர்மூக்கிலும் காதிஸிய்யாவிலும் நிலைகுலைந்தன என்பதற்கான முன்கதையை இந்நாவலைப் போல் உயிர்ப்புடன் சொன்ன நூல் எனக்குத் தெரிந்து அதிகமில்லை. புரோக்கோப்பியஸ் என்னும் சமகாலத்தவரின் ஏடுகளே கிரேவ்ஸுக்கு ஆதாரம். இறுதியில் மட்டும், தளபதியின் கண்களைப் பறித்து அவரைத் தெருவில் பிச்சையெடுக்கவிட்டதாக இடைக்காலத்தில் எழுந்த கட்டுக்கதையையும் சேர்த்துக்கொண்டார். வரலாறு அதை ஏற்கவில்லை. நாவலின் உருக்கம் அதைக் கேட்டது போலும்.

1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூள, கிரேவ்ஸ் தீவைவிட்டு வெளியேறி, 1946இல்தான் திரும்பினார். இடையில் அமெரிக்க விடுதலைப் போரில் பணியாற்றிய ஒரு சார்ஜெண்டின் கதை, மில்டனின் மனைவியின் கதை, பொற்கம்பளி தேடிச் சென்ற கிரேக்க வீரர் கதை என நாவல்கள் தொடர்ந்தன. 1943இல் அவருடைய மூத்த மகன் டேவிட், தந்தை பணிபுரிந்த அதே படைப்பிரிவில் சேர்ந்து, பர்மாவின் அரக்கான் பகுதியில் மாண்டான். முதலில் காணவில்லை என்றே செய்தி வந்தது. தாம் செத்துப் பிழைத்ததுபோல் மகனும் பிழைத்திருப்பான் என்று தந்தை நெடுநாள் காத்திருந்திருப்பார் என எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

உரைநடையை அவர் ஒருபோதும் பெரிதாகக் கருதியதில்லை. பூனையை வளர்ப்பதற்காக உயர்சாதி நாய்களைப் பெருக்கி விற்பவன்போல், கவிதையைக் காப்பதற்காகவே உரைநடை நூல்களை விற்பதாகக் கூறுவார். பணிவன்று அது, கவிஞரின் செருக்கு. அந்தச் செருக்கே மெல்ல மெல்ல அவருடைய வரலாற்றுக்குள்ளும் புகுந்தது. 1946இல் ஈஸா (அலை) அவர்களை ஏரோது மன்னனின் வாரிசாகக் காட்டும் ஒரு நாவலை வெளியிட்டார். முஸ்லிம்களும் ஏற்கவியலாத, கிறித்தவர்களும் ஏற்கவியலாத கற்பனை. அதைக் கற்பனை என்று விட்டுவிடாமல், தம் கதையின் ஒவ்வொரு முக்கிய அம்சத்துக்கும் ஏதேனும் ஒரு பழைய மரபின் ஆதாரம் உண்டு என்று பின்னுரையில் உறுதி கூறினார். இரண்டாண்டு கழித்து வந்த ‘வெண்தேவதை’ என்னும் ஆய்வு நூலில் இன்னும் ஒருபடி மேலே சென்றார்: அழிந்துபோன கடந்த காலத்தைக் கவிஞன் தன் உள்ளுணர்வினாலேயே மீட்டெடுக்க முடியும் என்றார். கிளாடியஸின் ஏட்டைத் தாம் புனைந்ததாக 1934இல் அறிந்திருந்தவர், இப்போது புனைவதையே கண்டெடுப்பது என்று நம்பத் தலைப்பட்டார். அவருடைய வாழ்வில் திருப்பம் இதுதான் என்பது என் துணிபு.

1961இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கவிதைப் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, உலகப் புகழின் உச்சியில் இருந்தபோது அவருக்கு ஒரு புதிய நட்பு வாய்த்தது. இத்ரீஸ் ஷா, உமர் அலீ ஷா என்னும் சகோதரர்கள். ஆப்கானியப் பிரமுகர் மரபினர். மீரட்டை அடுத்த ஸர்தானாவில் குடியேறிய குடும்பம். தந்தை இக்பால் அலீ ஷா பல நூல்கள் எழுதியவர். தஸவ்வுஃபை மேனாட்டாருக்கு விளக்கி இத்ரீஸ் ஷா எழுதிய நூலுக்கு 1964இல் கிரேவ்ஸ் நீண்ட முன்னுரை வழங்கினார். சூஃபிகளை முஸ்லிம்களில் ஒரு பிரிவினர் என்று எண்ணுவது தவறு, அவர்கள் எல்லா மதங்களுக்கும் உரியவர்கள் என்பது அதன் சாரம். தக்கலை பீர் முஹம்மது அப்பாவையும் குணங்குடி மஸ்தான் சாகிபையும் பாடிப் பழகிய நம் இல்லங்களில் இதைப் படித்தால் புன்னகைதான் வரும். கலிமாவை நீக்கிவிட்டு அப்பாடல்களில் எஞ்சுவது என்ன?

பின்னர் வந்தது கய்யாம் விவகாரம். எட்வர்டு ஃபிட்ஸ்ஜெரால்டு 1859இல் ஆங்கிலமாக்கிய ருபாயாத், அதன் வழியே நம் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இனிய தமிழில் தந்த பாடல்கள், இரண்டும் நாம் அறிந்தவை. ஃபிட்ஸ்ஜெரால்டு காட்டிய கய்யாம் மதுவையும் மங்கையையும் பாடி, மறுமையை ஐயுறுபவர். மலிக்ஷாவின் காலத்தில் 1079ஆம் ஆண்டு ஜலாலீ நாட்காட்டியை வகுத்த வானியலறிஞர்களுள் ஒருவரும், முப்படிச் சமன்பாடுகளை வடிவக்கணிதத்தால் தீர்த்த கணித மேதையுமான நிஷாப்பூர் இமாம் உமர் கய்யாமுக்கு இது இழைத்த அநீதி என்று கிரேவ்ஸ் கருதினார். அவருடைய உள்ளம் நல்லதே. அப்போது உமர் அலீ ஷா ஒரு செய்தி கூறினார்: தம் குடும்பத்தாரிடம் கி.பி. 1153ஆம் ஆண்டைச் சேர்ந்த ருபாயாத் ஏடு ஒன்று ஆப்கானிஸ்தானத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கய்யாம் காலமாகி இருபத்திரண்டே ஆண்டுகளில் எழுதப்பட்டது. அதில் உள்ளவை சூஃபித் தத்துவப் பாடல்கள். அவர் ஆங்கிலத்தில் சொற்பொருள் எழுதிக் கொடுத்தார். பாரசீகம் அறியாத கிரேவ்ஸ் அதைக் கவிதையாக்கினார். 1967இல் நூல் வெளிவந்தது. ஏட்டைக் கிரேவ்ஸ் கண்ணால் கண்டாரா? இல்லை.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பாரசீகம் கற்பித்த எல்வெல்-சட்டன் என்பவர் அந்நூலைப் படித்ததும் எங்கோ பார்த்த முகம்போல் உணர்ந்தார். 1899இல் ஹெரான்-ஆலன் என்னும் ஆங்கிலேயர், ஃபிட்ஸ்ஜெரால்டின் ஒவ்வொரு பாட்டும் எந்தெந்தப் பாரசீக அடிகளிலிருந்து உருவானது என்று தேடி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். ஃபிட்ஸ்ஜெரால்டு கையாண்டவை முக்கியமாக இரண்டு பிரதிகள்: ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஹிஜ்ரி 865ஆம் ஆண்டுப் பிரதி, கல்கத்தா ஆசியக் கழகத்திலிருந்த பிரதியைப் பார்த்து எழுதுவித்து, நண்பர் கோவெல் அங்கிருந்து அனுப்பிய படி. பாரசீகப் பிரதிகளில் நாலடிப் பாடல்கள் பெரும்பாலும் இறுதி எழுத்தின் அகரவரிசையில் அமைந்திருக்கும். விடியலில் தொடங்கி நிலவெழுச்சியில் முடியும் கோவை ஃபிட்ஸ்ஜெரால்டின் சொந்தக் கற்பனை. இரண்டு பாடல்களைப் பிளந்து ஒட்டியதும் உண்டு. அத்தார் போன்ற பிறர் பாடியதைக் கய்யாம் பெயரில் சேர்த்ததும் உண்டு. இவ்வளவையும் 1153ஆம் ஆண்டு ஏடு எப்படி முன்கூட்டியே அறிந்து அதே போக்கில் அமைந்திருக்க முடியும்? உமர் அலீ ஷா தந்தது பழைய ஏட்டின் பொருளன்று, ஹெரான்-ஆலன் தொகுத்த பட்டியலின் நிழலே என்று எல்வெல்-சட்டன் எடுத்துக் காட்டினார். ஃபிலிப் கிரேவ்ஸ் 1921இல் கையாண்ட அதே முறைதான். இரண்டையும் அருகருகே வைப்பது.

ஏட்டைக் காட்டுங்கள் என்று அறிஞர்கள் கேட்டனர். தம் மானத்தைக் காக்கும் பொருட்டுக் கிரேவ்ஸும் கேட்டார். ஏடு வரவில்லை. இக்பால் அலீ ஷா 1969இல் காலமானார். அதற்குப் பிறகும் வரவில்லை. இன்றளவும் எவரும் அதைக் கண்டாரில்லை. அத்தகைய ஏடே இல்லை என்பது துறை அறிஞர்களின் தீர்ப்பு. வயது முதிர்ந்த கவிஞருக்கு எஞ்சியது ஏளனம்.

கய்யாம் ஏடுகளில் ஏமாந்தவர் கிரேவ்ஸ் ஒருவரல்லர் என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜின் பேராசிரியர் ஆர்பெரி, திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த பெரும் புலவர், 1949லும் 1952லும் பதின்மூன்றாம் நூற்றாண்டின என்று கருதப்பட்ட இரண்டு பிரதிகளை நம்பிக் கய்யாமை மொழிபெயர்த்தார். அவை அண்மைக்காலப் போலிகள் என்று பின்னர் தெரியவந்தது. ஆயினும் அவர் கையில் தாளும் மையும் இருந்தன. ஆய்வுக்கு உரிய பொருள் இருந்தது. அதனால்தான் போலி என்று நிறுவவும் முடிந்தது. கிரேவ்ஸிடம் இருந்தது நண்பரின் வாய்ச்சொல் மட்டுமே.

இங்கே நமக்கு ஒரு சோதனை உண்டு. கய்யாம் குடிகாரரல்லர், இறைநேசர் என்று ஓர் ஆங்கிலக் கவிஞர் கூறினால் நம் உள்ளம் குளிர்கிறது. பழைய ஏடும் இருக்கிறது என்றால் அதைப் பற்றிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் கிடைக்கும் பழைய சான்றுகளோ வேறு பேசுகின்றன. கய்யாமை நேரில் கண்டு, பின்னர் நிஷாப்பூரில் அவர் கப்றையும் தரிசித்த நிஸாமி அரூஸி தம் ‘சஹார் மகாலா’வில் அவரை வானியல் அறிஞராகவே போற்றுகிறார்; சூஃபி என்று கூறவில்லை. கி.பி. 1223 அளவில் எழுதிய நஜ்முத்தீன் ராஸீ, தாமே ஒரு சூஃபி, கய்யாமின் பாடல்களை எடுத்துக்காட்டி அவரை வழிதவறிய தத்துவவாதி என்று கண்டிக்கிறார். பெயரால் வழங்கும் நூற்றுக்கணக்கான பாடல்களுள் எவை அவருடையவை என்பதே தீராத வழக்கு. நமக்கு உவப்பான முடிவாயினும் சான்று இல்லையேல் ஏற்பதற்கில்லை. ஹதீஸ்கலை வல்லுநர்களான நம் முன்னோர் ஒரு செய்தி அழகாக இருக்கிறது, நன்மைக்குத் தூண்டுகிறது என்பதற்காக மட்டும் அதை ஏற்றதில்லை; யாரிடம் கேட்டாய், அவர் யாரிடம் கேட்டார் என்று ஸனதைக் கேட்டனர். ஸனது என்பது இல்லாவிட்டால் எவரும் தாம் விரும்பியதைச் சொல்லிவிடுவர் என்னும் கருத்துப்பட இப்னுல் முபாரக் (ரஹ்) எச்சரித்ததாக முஸ்லிம் ஷரீபின் முன்னுரையில் வருகிறது. தேயாவில் அமர்ந்து எழுதிய கவிஞருக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்திருக்கும்.

எழுபதுகளின் நடுவிலிருந்து கிரேவ்ஸின் நினைவாற்றல் குன்றியது, எழுத்தும் நின்றது. 1985 நவம்பர் 11 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் முதல் உலகப்போர்க் கவிஞர் பதினறுவரின் பெயர் பொறித்த கல் திறந்து வைக்கப்பட்டது. 1916இல் இறந்தோர் பட்டியலில் இடம்பெற்ற அவர் மட்டுமே, அன்று அப்பதினறுவருள் உயிரோடிருந்தவர். அந்தப் போர்க்கவிதைகளைத் தம் பிற்காலத் தொகுதிகளிலிருந்து அவரே நீக்கியிருந்தார் என்பது வேறு. நான்கு வாரங்கள் கழித்து, டிசம்பர் 7ஆம் நாள், தேயாவில் காலமானார். ஊர் உச்சியில் உள்ள சிறிய தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்து, மேலே பூசிய சிமெண்டு காயும் முன் கையாலேயே எழுதி வைத்தார்கள்: பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, இவற்றோடு ஸ்பானிய மொழியில் ஒரே ஒரு சொல், கவிஞர் என்று.